வலென்சியாவில் முதுகலை, செப்டம்பரில் கிளம்புகிறேன்: முதலில் எதைப் பிடிப்பது?

பொதிகைக்காற்று

எல்லாருக்கும் வணக்கம். வலென்சியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு இடம் கிடைத்துவிட்டது. சில பாடம் ஆங்கிலத்தில், சில பாடம் ஸ்பானிஷில் என்று போட்டிருக்கிறது. ஊர் தென்காசிப் பக்கம். வீட்டை விட்டு நான் போன அதிகபட்ச தூரம் கோயம்புத்தூர், அதுவும் ஹாஸ்டல்.

யூடியூபில் எல்லாரும் கடற்கரையையும் பயேயா என்கிற அரிசிச் சாப்பாட்டையும்தான் காட்டுகிறார்கள். எனக்கு வேண்டியது வேறு. அறையை இங்கிருந்தே பிடித்துவிட்டுப் போவதா, போய்ப் பார்த்துப் பிடிப்பதா? ஸ்பானிஷ் ஏ2 என்கிற அடிப்படை நிலை வரை முடித்திருக்கிறேன், போதுமா? மாதம் எவ்வளவு ஆகும்? அப்புறம் ஒரு சின்ன விஷயம்: பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. அது ஏதாவது தொந்தரவு செய்யுமா?

துரியாபாலம்

கடைசியாகச் 'சின்ன விஷயம்' என்று கேட்டீர்களே தம்பி, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் இங்கே வந்து நாலு வருஷம் ஆகிறது, முனைவர் பட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் அந்தச் சின்ன விஷயம் தீரவில்லை.

ஸ்பெயின்காரர்களுக்கு இரண்டு குடும்பப் பெயர். பெரும்பாலும் முதலாவது அப்பா வழி, இரண்டாவது அம்மா வழி. எந்தப் படிவத்தை எடுத்தாலும் பெயர், முதல் அபெயீதோ, இரண்டாம் அபெயீதோ என்று மூன்று கட்டம் இருக்கும். நமக்கோ இனிஷியல்தான். என் பாஸ்போர்ட்டில் என் பெயரும் அப்பா பெயரும் ஒரே வரியில் இருக்கின்றன, சர்நேம் காலி. விசாவில் அந்த வரி முழுவதையும் குடும்பப் பெயராக அடித்துவிட்டார்கள். பல்கலைக்கழகம் என் பெயரைப் பெயராகவும் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகவும் எடுத்துக்கொண்டது. வங்கியில் தலைகீழ். முதல் வருஷம் பிப்ரவரியில் காய்ச்சலோடு ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து 'முருகேசன், முருகேசன்' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நம் ஊர்க்காரர் யாரோ வந்திருக்கிறார் போல என்று சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தேன். அது நான்தான் என்று உறைப்பதற்குள் அடுத்தவரை அழைத்துவிட்டார்கள்.

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். பெயர் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தால் வங்கிக் கணக்கு, காப்பீடு, கடைசியில் பட்டச் சான்றிதழ் வரைக்கும் இழுக்கும். சர்நேமைச் சேர்த்துப் புது பாஸ்போர்ட் எடுப்பதாக இருந்தால் விசா வேலை தொடங்கும் முன்பே செய்யுங்கள். காவல்துறைச் சான்றிதழ் எடுத்த பிறகு மாற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்க வேண்டிவரும். மாற்றப் போவதில்லை என்றால், விசாவில் எப்படி அடித்திருக்கிறதோ அதையே மூலமாக வைத்துக்கொண்டு, பல்கலை அலுவலகத்துக்கு முதல் வாரமே மின்னஞ்சல் போட்டு அதே மாதிரி மாற்றச் சொல்லுங்கள்.

விசாவுக்கு என்ன வேண்டும் என்று பட்டியல் எல்லா இடத்திலும் கிடைக்கும். ஆனால் ஆட்கள் இடறுகிற இடங்கள் சில உண்டு. 180 நாளுக்கு மேல் தங்குவதானால் காவல்துறைச் சான்றிதழ் வேண்டும், அதற்கு வெளிநாட்டில் செல்லுபடியாக வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை வேண்டும், பிறகு அது ஸ்பானிஷுக்கு மொழிபெயர்க்கப்பட வேண்டும். மருத்துவச் சான்றிதழில் 'நல்ல உடல்நலத்தோடு இருக்கிறார்' என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் போதாது. 2005ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார விதிமுறைகளின்படி பொதுச் சுகாதாரத்தைப் பாதிக்கும் நோய் எதுவும் இல்லை என்று அந்தப் பெயரைச் சொல்லியே எழுதியிருக்க வேண்டும். நம் குடும்ப டாக்டருக்கு இது தெரியாது, வாசகத்தை நீங்களே அச்சடித்துக் கொண்டுபோங்கள். காப்பீட்டில் ஒவ்வொரு முறையும் உங்கள் கையிலிருந்து ஒரு பங்கு கட்டுகிற திட்டத்தை எடுக்காதீர்கள், திருப்பி அனுப்புவார்கள். பணம் காட்டுவதற்கு ஐப்ரெம் என்று ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அது மாதம் 600 யூரோ, ஆக வருஷத்துக்கு 7,200. இது விசாவுக்குக் காட்ட வேண்டிய தொகை, வாழ்வதற்கு ஆகும் தொகை வேறு.

இனி முக்கியமான விஷயம். வந்து இறங்கியதும் இங்கே எல்லாக் காகிதமும் ஒரே ஆணியில் தொங்கும். அந்த ஆணியின் பெயர் பத்ரோன். இந்த முகவரியில்தான் குடியிருக்கிறேன் என்று நகராட்சியில் பதிவு செய்துகொள்வது. அதைக் காட்டித்தான் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விரல்ரேகை வைக்கப் போக வேண்டும். அந்த அட்டைக்கு, அதாவது டி.ஐ.இ.க்கு, வந்த ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எக்ஸ் 17 படிவம், 790 என்ற படிவத்தில் 012 குறியீட்டில் வங்கியில் கட்டணம் கட்டிய ரசீது, போட்டோ, பாஸ்போர்ட், பத்ரோன். எல்லாவற்றுக்கும் முன்பதிவு வேண்டும். இங்கே அதற்கு 'சித்தா' என்று பெயர். நான் சித்தாவைத் தேடி அலைந்த அலைச்சலுக்கு ராமாயணத்தில் ராமரே பரவாயில்லை. காலையில் கண் விழித்ததும் தளத்தைத் திறந்து பார்ப்பதை ஒரு வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், திடீரென்று நாலைந்து இடம் திறக்கும்.

பாரிஸ், பிராங்பர்ட் வழியாக வந்தால் பாஸ்போர்ட் சோதனை அங்கேதான் நடக்கும். விமானத்தின் போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள். எப்போது ஸ்பெயினுக்குள் வந்தீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

மஞ்சள்பை

அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அறை தேடும்போது 'வாடகை எவ்வளவு' என்று முதலில் கேட்காதே, 'பத்ரோன் போட்டுக்கொள்ளலாமா' என்று கேள். 'முடியாது' என்றால் அடுத்த அறைக்குப் போ. நான் அதைக் கேட்காமல் ஒரு மலிவான அறையில் போய் விழுந்தேன். சட்டப்படி நமக்கு உரிமை இருக்கிறது என்றெல்லாம் பேசினேன். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே காப்பி போட்டுக் கொடுத்தார், பத்ரோன் மட்டும் கொடுக்கவில்லை. மூன்று வாரம் போனது, பிறகு மாறினேன்.

இங்கிருந்தே பிடிப்பதா என்றால், பிடிக்காதே. என் வகுப்புத் தோழன் ஒருவன் அழகான போட்டோக்களைப் பார்த்து இரண்டு மாத வாடகையை அனுப்பினான். 'நான் இப்போது லண்டனில் இருக்கிறேன், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்' என்று பதில் வந்தது. சாவி இன்னும் வரவில்லை, நாலு வருஷம் ஆகிறது. முதல் இரண்டு வாரத்துக்கு விடுதியில் இடம் போட்டுவிட்டு வந்து, கால் நடையாகப் பார்த்துப் பிடி. விசாவுக்குத் தங்குமிடம் காட்ட வேண்டும் என்றால் மாணவர் குடியிருப்பு எதையாவது, ரத்து செய்கிற வசதியோடு பதிவு செய்.

பார்க்கும்போது ஜன்னலைத் திற. சில அறைகளை 'உள்ளறை' என்று விளம்பரத்தில் போடுவார்கள். ஜன்னல் இருக்கும், திறந்தால் நாலு சுவருக்கு நடுவே ஒரு கிணறு மாதிரிக் குழி, எதிர்வீட்டுத் துணி காயும், கீழ்வீட்டுப் பூண்டு வாசனை மேலே வரும். வெயில் வராது. வலென்சியாவில் குளிர் இல்லை என்பார்கள், நம்பாதே. தெருவில் 12 டிகிரி இருக்கும், வீட்டுக்குள் அதைவிடக் குளிரும். பழைய கட்டடங்களில் ஹீட்டர் குழாய் எதுவும் இருக்காது. நான் ஜனவரியில் குல்லா போட்டுக்கொண்டு தூங்கினேன். தெற்கு பார்த்த அறை கிடைத்தால் 30 யூரோ கூடக் கொடுக்கலாம்.

முன்பணம் சாதாரண குடியிருப்பு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதம். மாணவர்களுக்குப் பத்து மாதத்துக்கு என்று தற்காலிக ஒப்பந்தம் போட்டால் இரண்டு மாதம் கேட்கலாம், அது சட்டத்திலேயே இருக்கிறது. எந்த ஒப்பந்தம் என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. உள்ளே போன அன்றே சுவர், மெத்தை, அடுப்பு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடு.

உன் பல்கலைக்கு பெனிமக்லெத் பகுதிதான் பொருத்தம். முன்பு தனிக் கிராமமாக இருந்த இடம், இன்னும் நடுவில் ஒரு தேவாலயமும் சின்னச் சதுக்கமும் உண்டு. நடந்தே வகுப்புக்குப் போகலாம். அறை 350 முதல் 450 யூரோ. நான் எல்லாம் சேர்த்து மாதம் 850இல் ஓட்டினேன். சனிக்கிழமை வெளியே சாப்பிடாமல் இருந்தால் 800.

லாசப்பல் பொடிச்சி

வணக்கம். நான் பாரிசில் பிறந்து வளர்ந்தவள், எராஸ்முஸ் என்கிற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் வலென்சியா பல்கலைக்கழகத்தில் படித்தேன். எனக்கு விசா, விரல்ரேகை ஒன்றும் இல்லை. மூன்று மாதத்துக்கு மேலே இருந்தால் ஒரு பச்சை நிறச் சான்றிதழ் எடுக்க வேணும், அவ்வளவுதான். ஐரோப்பிய சுகாதார அட்டை கையில் இருந்தது. அதனால் அக்கா பட்ட பாடு எனக்கு இல்லை. ஆனால் வகுப்பறையில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, மொழி. ஸ்பானிஷ் படித்துக்கொண்டு வருவீர்கள், இங்கே பல வகுப்புகள் வலென்சிய மொழியில் நடக்கும்! அது கதலானின் உள்ளூர் வடிவம், ஸ்பானிஷோடு சேர்ந்து அதிகாரபூர்வ மொழி. மெத்ரோவில் 'வெளியே' போகிற வழிக்கு 'எய்ஷிதா' என்று எழுதியிருக்கும், நான் முதல் நாள் அதை ஸ்டேசன் பெயர் எண்டு நினைத்தேன். பாடத்துக்குப் பதியும்போது ஒவ்வொரு குழுவுக்கும் பக்கத்தில் எந்த மொழி என்று போட்டிருப்பார்கள். அதை வடிவாகப் பார்த்துப் பதியுங்கள். கெதியாகப் பதியாவிட்டால் ஸ்பானிஷ் குழு நிறைந்துவிடும். என் தோழி ஒருத்தி பார்க்காமல் பதிந்து, புள்ளியியலை வலென்சிய மொழியில் ஒரு மாதம் கேட்டாள்.

இரண்டாவது, பேராசிரியரை எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், 'நீ' என்றுதான் பேசுவார்கள். பிரெஞ்சில் 'நீங்கள்' போட்டே பழகிய எனக்கே வாய் வரவில்லை. அம்மா கேட்டால் அடி விழும் என்று நினைத்துக்கொண்டே 'ஓலா, கார்லோஸ்' என்று மின்னஞ்சல் எழுதினேன். பதில் இரண்டு வரியில், ஒரு சிரிப்பு முகத்தோடு வந்தது. 'மாண்புமிகு' எண்டு நீட்டி எழுதினால்தான் அவர்களுக்குப் புதினமாக இருக்கும்.

மூன்றாவது, புள்ளிகள். பத்துக்குத்தான். 5 எடுத்தால் பாஸ், 7இலிருந்து 'நோதாப்லே', 9இலிருந்து 'சோப்ரெசாலியென்தே'. 7 என்பது நல்ல புள்ளி. எழுபது வீதம்தானே என்று அழ வேண்டாம். ஒவ்வொரு பாடத்துக்கும் 'கியா தொசென்தே' என்று ஒரு ஆவணம் தளத்தில் இருக்கும், வருகைக்கு எவ்வளவு, ஒப்படைக்கு எவ்வளவு, பரீட்சைக்கு எவ்வளவு என்று அதில்தான் இருக்கிறது. பேராசிரியர் வகுப்பில் சொல்லமாட்டார், அதில் எழுதியிருக்கே என்பார்.

பொதிகைக்காற்று

அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. மூன்று பதிவையும் அச்சடித்துவிட்டேன். சர்நேம் சேர்க்க அப்பாவிடம் கேட்டேன். 'என் பேருதானடா உன் சர்நேம், இதுல என்ன சந்தேகம்' என்கிறார். பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு நேரம் வாங்கியாச்சு.

ஸ்பானிஷ் உச்சரிப்பு பயமாக இருக்கிறது. அப்புறம், வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியுமா?

துரியாபாலம்

உச்சரிப்புக்கு நீங்கள் பயப்படவே வேண்டாம். என் வகுப்பில் ஆங்கிலக்காரப் பிள்ளைகள் மாதக்கணக்கில் திணறியதெல்லாம் நமக்கு வாயிலேயே இருக்கிறது. ஸ்பானிஷ் ப, த, க மூன்றும் காற்று தெறிக்காமல் வரும், தமிழ் மாதிரியே. 'மஞானா'வில் வருகிற எழுத்து அப்படியே நம் 'ஞா'. 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெர்ரோ' என்று நாக்கை உருட்டினால் 'நாய்'. ரகரமும் றகரமும் பிரித்துச் சொல்லத் தெரிந்த தென்காசிக்காரருக்கு இது கஷ்டமா? ஸ்பெயின்காரர்களும் நம் பாட்டி மாதிரிதான். பாட்டி 'இஸ்கூல்' என்பாள், இவர்கள் 'எஸ்குவேலா' என்பார்கள். சொல் 'ஸ்' என்று மொட்டையாகத் தொடங்கினால் இரண்டு பேருக்குமே நாக்கு ஒத்துக்கொள்ளாது.

ஏ2 கடையில் பேசப் போதும், வகுப்புக்குப் போதாது. ஸ்பானிஷ் பாடங்களை இரண்டாம் செமஸ்டருக்குத் தள்ள முடியுமா பாருங்கள். அரசு மொழிப்பள்ளி ஒன்று ஊருக்கு ஊர் உண்டு, எஸ்குவேலா ஓஃபிசியால் என்பார்கள், தனியார் வகுப்புகளைவிடப் பல மடங்கு மலிவு. சேர்க்கை குறிப்பிட்ட நாட்களில்தான், தவறவிடாதீர்கள்.

வேலை பற்றி: 2025 மே 20இல் புது விதிமுறை வந்தது. உயர்கல்வி மாணவர்கள் படிப்புக்கு இடைஞ்சல் இல்லாமல் வாரம் 30 மணி நேரம் வரை வேலை செய்யலாம். ஆனால் அந்தக் கணக்கை நம்பி வராதீர்கள். முதல் ஆறு மாதம் மொழிக்கும் காகித ஓட்டத்துக்குமே சரியாக இருக்கும்.

மஞ்சள்பை

வேலை விஷயத்தில் அக்கா சொல்வது சரி. ஆனால் ஒன்றில் நான் மாறுபடுவேன். 'ஸ்பானிஷ்காரர்களோடு தங்கு, நம் ஆட்களோடு தங்காதே' என்று எல்லாரும் சொல்வார்கள். முதல் செமஸ்டரில் நம் ஆட்களோடு இருப்பதில் ஒரு தப்பும் இல்லை. காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தர ஆள் வேண்டும்.

துரியாபாலம்

கஞ்சிக்கு ஆள் வேண்டும்தான். ஆனால் நான் பார்த்த நாலைந்து பேர் அப்படி ஒரே வீட்டில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு, 'ஒரு பை வேண்டும்' என்று மட்டும் ஸ்பானிஷில் சொல்லக் கற்றுக்கொண்டு ஊருக்குப் போனார்கள். எனக்குக் கிடைத்த கூடத் தங்குபவர்களில் ஒருத்தி ஸ்பெயினின் அல்பசேத்தே ஊர்க்காரி. வாடகை ஒப்பந்தம், மின்கட்டண பில், சித்தா தளம் எல்லாம் அவள் மேஜையில் உட்கார்ந்துதான் எனக்குப் புரிந்தது. நகராட்சிக் கடிதம் ஒன்றை எங்கள் நாலு இந்தியத் தலைகளும் சேர்ந்து வாசித்து, வெளியே போகச் சொல்கிறார்கள் என்று நடுங்கினோம். அவள் பார்த்துவிட்டு, 'குப்பைத்தொட்டியை மாற்றி வைக்கப் போகிறார்களாம்' என்றாள்.

மஞ்சள்பை

அல்பசேத்தேக்காரி கிடைத்தால் நானும் போய் இருந்திருப்பேன்!

மட்டுறுத்துநர்

'60 யூரோவுக்கு சித்தா வாங்கித் தருகிறேன்' என்று போட்டிருந்த பதிவை நீக்கியிருக்கிறேன். சித்தா அரசாங்கத் தளத்தில் இலவசம். யாரும் பணம் கொடுக்க வேண்டாம்.

இட்லிச்சட்டி

எல்லாரும் காகிதத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். பையன் என்ன சாப்பிடுவான்?

முதலில் அரிசி. வலென்சியா அரிசி ஊர். நகருக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரியைச் சுற்றி வயல், செப்டம்பரில் அறுவடை. பஸ்ஸில் போய்ப் பார்த்தால் நெல் மணம் அடிக்கும், எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அங்கே விளைவது குட்டை அரிசி, பயேயாவுக்கு. நம் சோற்றுக்கு அதை வாங்காதே, குழைந்து போகும். தயிர் சாதத்துக்கு மட்டும் அருமை. கடையில் 'ஆரோஸ் வபொரிசாதோ' என்று இருப்பதை எடு. அதுதான் புழுங்கல் அரிசி! ஒரு வருஷம் பாஸ்மதி தின்று அலுத்த பிறகுதான் அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்தது. அதிலேயே இட்லி அரைக்கலாம், கொஞ்சம் கெட்டியாக வரும், பரவாயில்லை. உளுந்துக்கு ருஸாஃபா பக்கம் இருக்கிற பாகிஸ்தானியர் கடைகளுக்குப் போ. கறிவேப்பிலை காய வைத்து ஊரிலிருந்து எடுத்து வா.

அடுப்பு என்ன வகை என்று அறை பார்க்கும்போதே கேள். 'வித்ரோ' என்றால் கண்ணாடித் தளத்து மின்னடுப்பு, குக்கர், தோசைக்கல் எது வைத்தாலும் சுடும். 'இன்துக்சியோன்', அதாவது இண்டக்‌ஷன் என்றால் நம் அலுமினியக் குக்கரை அது கண்டுகொள்ளவே கொள்ளாது. நான் தூத்துக்குடியிலிருந்து தூக்கி வந்த குக்கர் இரண்டு வருஷமாகப் பூந்தொட்டியாக இருக்கிறது.

சைவம் என்றால் எச்சரிக்கை. 'போகதியோ வெஹெதால்' என்று கேட்டால் காய்கறி ரொட்டிதானே வரும் என்று நினைப்பாய். அதில் சூரை மீனும் அவித்த முட்டையும் இருக்கும்! இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் ஹமோன், அதாவது உப்பில் பதப்படுத்திய பன்றித் தொடைத் துண்டு போட்டுத் தருவார்கள், ஏனென்றால் அவர்கள் கணக்கில் ஹமோன் இறைச்சி இல்லை, ஹமோன் ஹமோன்தான். 'இதில் ஹமோன் இருக்கிறதா, சூரை இருக்கிறதா' என்று பெயர் சொல்லிக் கேள். பருப்பு என்று நம்பிப் பயறுக் குழம்பு வாங்கினால் அடியில் சொரிசோ என்கிற பன்றித் தொத்திறைச்சி கிடக்கும். உருளைக்கிழங்கு முட்டைத் தோர்தியா, தக்காளி தேய்த்த ரொட்டி இரண்டும் எங்கேயும் கிடைக்கும்.

காலை பத்து, பத்தரைக்கு வகுப்பு காலியாகும். பயப்படாதே. அது 'அல்முவெர்சோ'. ஸ்பெயினின் பல இடங்களில் அந்தச் சொல்லுக்கு மதியச் சாப்பாடு என்று அர்த்தம், வலென்சியாவில் காலைக்கும் மதியத்துக்கும் நடுவே. முழங்கை நீளத்துக்கு ரொட்டி, ஆலிவ், வேர்க்கடலை. மதியச் சாப்பாடு இரண்டு மணிக்குத்தான் ஆரம்பம், ராத்திரி ஒன்பதுக்கு. ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வை. தண்ணீர் கேட்டால் ஐஸ் மாதிரி வரும். 'அகுவா தெல் தியெம்போ' என்று சொல், சாதாரணத் தண்ணீர் தருவார்கள்.

பொதிகைக்காற்று

அண்ணா, கேட்கவே பசிக்கிறது. ஆகஸ்ட் தொடக்கத்திலேயே வந்துவிடட்டுமா? வீடு தேட நேரம் கிடைக்குமே.

மஞ்சள்பை

ஆகஸ்ட் வேண்டாம். ஊரே கடற்கரைக்குப் போய்விடும். கடைக் கதவில் 'விடுமுறை' என்று காகிதம் ஒட்டியிருக்கும், அலுவலகங்களில் பாதி மேஜை காலியாக இருக்கும், வீட்டுக்காரர் போன் எடுக்கமாட்டார். ஆகஸ்ட் கடைசி வாரம் வா.

வந்ததும் ஒரு சிம், ஒரு வங்கிக் கணக்கு, அப்புறம் பிசூம். நம் ஊர் ஜிபே மாதிரி, போன் எண்ணுக்குப் பணம் அனுப்புவது. அது இல்லாதவனை யாரும் பிறந்தநாள் விருந்துக்குக் கூப்பிடமாட்டார்கள், கேக்குக்குப் பங்கு வாங்க முடியாது பார்.

இன்னொன்று, கொஞ்சம் கனமான விஷயம். மலிவு அறை தேடினால் நகருக்குத் தெற்கே பைபோர்த்தா, கத்தரோகா, அல்ஃபாஃபார் என்று ஊர்கள் வரும். 2024 அக்டோபர் 29 வெள்ளத்தில் அடிபட்ட ஊர்கள். வலென்சியா மாகாணத்தில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று நகருக்குள் எங்களுக்கு மழையே சரியாகப் பெய்யவில்லை. 1957 வெள்ளத்துக்குப் பிறகு துரியா ஆற்றை நகரத்துக்கு வெளியே திருப்பிவிட்டார்கள், பழைய ஆற்றுப்படுகைதான் இப்போது நாம் ஓடுகிற பூங்கா. அதனால் நகரம் தப்பியது, தெற்கே போயோ என்கிற ஓடையிலிருந்து பொங்கிய தண்ணீர் கீழ்த்தளங்களையும் கார் நிறுத்தங்களையும் நிரப்பியது. காலையிலேயே வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை விட்டிருந்தது, வலென்சியா பல்கலை அன்று வகுப்புகளை நிறுத்தியிருந்தது. எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியது இரவு எட்டு மணிக்கு மேல்தான், அதற்குள் பல தெருக்களில் தண்ணீர் மார்பளவு. அந்த ஊர்களில் குடியிருக்காதே என்று சொல்லவில்லை, நல்ல ஜனங்கள். தரைத்தள அறை எடுக்காதே. சிவப்பு எச்சரிக்கை என்றால் போன் அலறும் வரை காத்திருக்காதே. அவசர எண் 112.

துரியாபாலம்

அன்றைக்கு அடுத்த வாரம் நாங்கள் மண்வெட்டியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு புதிய ஆற்றின் பாலத்தைத் தாண்டி நடந்தே போனோம், ஆயிரக்கணக்கில் மாணவர்கள். அப்போது பழகியவர்கள்தான் இன்றும் எனக்கு இந்த ஊரில் நண்பர்கள்.

தம்பிக்கு ஒரு நினைவூட்டல்: அட்டை காலாவதியாகும் முன் 60 நாளிலிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். புதுப்பித்தல் நடந்துகொண்டிருக்கும்போது பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டுமானால், திரும்பி வருவதற்கான அனுமதிக் காகிதத்தை முன்கூட்டியே வாங்க வேண்டும். வாங்காமல் போய்ச் சென்னை விமான நிலையத்தில் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

பொதிகைக்காற்று (பிப்ரவரி)

இழையைத் தூசு தட்டுவதற்கு மன்னிக்கவும். நான் வந்து ஐந்து மாதம் ஆகிறது. பெனிமக்லெத்தில் தெற்கு பார்த்த அறை, 390 யூரோ, பத்ரோன் உண்டு, அடுப்பு வித்ரோ. கூட ஸ்பெயினின் குவெங்கா ஊரிலிருந்து ஒரு குவெங்காக்காரன், ஒரு கொலம்பியாக்காரி. டி.ஐ.இ. விண்ணப்பத்தை 27ஆம் நாள் கொடுத்தேன், வயிற்றில் புளியைக் கரைத்தது. புள்ளியியலில் 6.8, சந்தோஷமாக இருக்கிறேன். ஸ்பானிஷ் பாடத்தில் ஒன்று 4.5, மறுதேர்வு இருக்கிறது.

புது பாஸ்போர்ட்டில் சர்நேமாக அப்பா பெயர் ஏறிவிட்டது, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது. ஆனால் குவெங்காக்காரன் கீழே தபால் பெட்டியில் ஒட்டுகிற சீட்டில், ஒப்பந்தத்தைப் பார்த்துக் குடும்பப் பெயரை மட்டும் எழுதிவிட்டான்: 'சுடலைமுத்து'. வீடியோ காலில் அப்பாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். 'அப்போ வாடகை எனக்குத்தான் வருமா?' என்றார். அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டு அவளுக்கும் காட்டச் சொன்னார்.

ஒரு கேள்வி. மார்ச்சில் ஃபாயாஸ் திருவிழா என்கிறார்கள், தீபாவளி மாதிரி வெடியாம். தூங்க முடியுமா?

மஞ்சள்பை

15இலிருந்து 19 வரை முடியாது. தெருக்களை அடைத்துவிடுவார்கள், வகுப்பும் இருக்காது, பஸ் வழி மாறும். 1ஆம் தேதியிலிருந்தே தினமும் மதியம் 2 மணிக்கு நகராட்சிச் சதுக்கத்தில் 'மஸ்க்லெதா' வெடிப்பார்கள், ஒரு நாளாவது போ. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, பகலில் வெறும் புகைதான், நெஞ்சுக்கூடு அதிர்வதற்காகவே கூட்டம் வரும். காதைப் பொத்தாதே. உள்ளூர்க்காரர்களைப் பார், வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்கள்.